மீசை முளைத்த பாப்பா

"வழி விடுங்க! வழி விடுங்க! உயிர் போற அவசரம்!"

பிரசவ ஆஸ்பத்திரியின் சாய்தளத்தில் அவன் ஏறி வந்த வேகத்தைப் பார்த்து, ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். முழங்கால் வரை சேறு. தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. சட்டைக்குள் எதையோ இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தான். மஞ்சள் டவல் ஒன்றின் நுனி மட்டும் கழுத்தருகே எட்டிப் பார்த்தது.

வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார்.

"அம்மா எங்கேப்பா?"

பிரசவ ஆஸ்பத்திரிக்குத் தனியாகக் குழந்தையோடு வருகிறவனை எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அது.

"அப்புறம் சொல்றேன்!"

வாட்ச்மேனின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்துவிட்டான்.

நடைபாதை முழுவதும் கட்டில்கள். ஒரு கட்டிலில் தலைமாட்டுப் பக்கம் ஒரு தாய், கால்மாட்டுப் பக்கம் இன்னொரு தாய். நடுவில் இரண்டு பொட்டலங்கள், யாருடையது எது என்று அழுகுரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். செருப்புகளையும் பிளாஸ்க்குகளையும் மாமியார்களையும் தாண்டித் தாண்டி ஓடினான். கடைசியில், கண்ணாடிக் கதவு. உள்ளே குறைமாதக் குழந்தைகளின் சூட்டுப் பெட்டிகள். கதவுக்கு முன்னால்...

"நில்லு."

நின்றான். அந்தக் குரலுக்கு நிற்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது. பெரிய பெரிய டாக்டர்களே கதவைத் தட்டிவிட்டுத்தான் அவளுடைய வார்டுக்குள் கால் வைப்பார்கள். வார்டில் அவள் பெயர் பெரிய சிஸ்டர். அவனுக்கு அக்கா. அவன் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் விலங்கு மீட்பு மையத்தின் மிருக டாக்டர். படித்த படிப்பை எழுதினால் பெயர்ப்பலகை போதாது. ஆனால் அக்காவுக்கு அவன் எப்போதும் 'வாலு'தான்.

"யார் வீட்டுக் குழந்தைடா அது?"

வாலு சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினான். டவலுக்குள் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பிராணி. மூடிய கண்கள். சட்டைப் பித்தான் அளவு மூக்கு. அதன் இரண்டு பக்கமும் சொத சொதவென்று நனைந்த மீசை.

"நீர்நாய்க் குட்டிக்கா. வளைக்குள்ள தண்ணி ஏறிடுச்சு. இது ஒண்ணுதான் தண்ணிக்குள்ள விழுந்து ஊறிப்போச்சு. தொட்டுப் பாரு, ஐஸ் மாதிரி இருக்கு. உடனே சூடு ஏத்தலைன்னா போயிடும். ஒரு பெட்டி கொடுக்கா. ஒரே ஒரு பெட்டி."

"எந்தப் பெட்டி?"

அவள் சண்டை போடவில்லை. ஓரமாக நகர்ந்து கண்ணாடியைக் காட்டினாள், அவ்வளவுதான். எல்லாப் பெட்டிகளிலும் விளக்கு எரிந்தது. எல்லாவற்றிலும் குழந்தை. ஜன்னலோரப் பெட்டியில் இரட்டையர், ஒருவர் காலை ஒருவர் உதைத்துக்கொண்டு.

வாலு டவலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"காலியா இருந்தாலும் மிருகத்தை உள்ள விட்டிருக்க மாட்டேன். அது வேற விஷயம்," என்றாள். ஆனால் அவள் புறங்கை அதற்குள் டவலுக்குள் நுழைந்து குட்டியின் வயிற்றைத் தொட்டுவிட்டது. முகம் மாறியது. "உன் மையத்துல ஹீட்டர் இல்லை?"

"மையத்துல முழங்கால் தண்ணி. கரண்ட் போயிடுச்சு. புது அபார்ட்மென்ட்காரங்க வடிகால் மேல சுவர் கட்டிட்டாங்க."

"அம்மா எங்கே?"

"ரோட்டுல கார் அடிச்சிடுச்சு. உயிரோடதான் இருக்கா. கால்ல எலும்பு உடைஞ்சிருந்தது, தண்ணி வர்றதுக்கு முன்னாடியே ஆபரேஷன் முடிச்சிட்டேன். மயக்கத்துல கிடக்கா."

"அதான் எங்கே?"

"பத்திரமான இடத்துல."

"எந்த இடம்னு..."

டவலுக்குள்ளிருந்து 'ஙீ' என்று ஒரு சத்தம். கொசு தும்மியது போல. கேள்வி அந்தரத்தில் நின்றது. அக்கா தம்பியின் காதைப் பிடித்தாள், குழந்தையாக இருந்தபோது பிடித்த அதே இடத்தில். கட்டடத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு நடந்தாள்.

*

போர்வைகளும் படுக்கை விரிப்புகளும் அடுக்கி வைக்கும் அறை அது. குழந்தைகள் இருக்கும் பக்கத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு முற்றம். சலவைச் சூடு இன்னும் துணிகளில் மிச்சமிருந்தது.

"சட்டையைக் கழட்டு. உட்காரு."

"அக்கா..."

"வாயை மூடிட்டு உட்காரு. பெட்டி கிடைக்காத பிள்ளைக்கெல்லாம் நாங்க என்ன பண்றோம்னு நினைச்சே? அடுப்புல வைக்கிறோமா?"

பெட்டிகள் பற்றாமல் போன நாளிலிருந்து அந்த வார்டில் நடக்கிற வைத்தியம் அது. குழந்தையைத் தாயின் மார்பில், தகப்பனின் மார்பில், தோலோடு தோலாகப் படுக்க வைத்து, துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மனிதச் சூட்டைவிட அளவான ஹீட்டர் கிடையாது. வார்டில் அதற்கு 'மார்ச்சூடு' என்று பெயர்.

அக்கா குட்டியைத் துடைத்தாள். அவள் கைகள் வேலை செய்யும்போது பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு அசைவு கூட வீண் போகாது. தம்பியின் நெஞ்சில் குட்டியைக் கவிழ்த்துப் படுக்கவைத்தாள். அவன் 'ஸ்ஸ்' என்று மூச்சை இழுத்தான். ஈரக் கல்லை வைத்தது போல் இருந்தது. மேலே துணியைச் சுற்றிக் கட்டினாள். அதே வேகத்தில் மேல் பையிலிருந்து, பிறந்த குழந்தைகளுக்குக் கட்டும் பிளாஸ்டிக் பெயர்ப்பட்டை ஒன்றை எடுத்து, குட்டியின் பின்காலில் தளர்த்தியாக மாட்டினாள். பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள்.

"அம்மா பேரு?"

"மீசைக்காரி."

எழுதியும் விட்டாள். எழுதி முடித்த பிறகுதான் தான் செய்த காரியம் அவளுக்கே உறைத்தது.

"என்னக்கா, நீர்நாய்க்குப் போய் பட்டை கட்டியிருக்கே?"

"கை தானா போயிடுச்சுடா. பொறந்ததுலேருந்து இதே வேலை. சரி, கட்டினது கட்டினதுதான். அவிழ்த்தா ராசியில்லை."

வாலு சிரித்தான். அந்தப் பட்டை தன்னை எங்கே கொண்டு போய் மாட்டப் போகிறது என்று அப்போது அவனுக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டான்.

அவள் மடியில் கிடந்த மஞ்சள் டவலைப் பிரித்துப் பார்த்தாள்.

"இது என் மாமியார் டவல் இல்ல?"

"உலகத்துல இருக்கிற மஞ்சள் டவல் எல்லாம் உன் மாமியாரோடதா?"

"ஓரத்துல நீல நூல் தையல் அவங்கதான் போடுவாங்க. ஆமா, உன் மேல ஏன் இப்படி மீன் நாத்தம் அடிக்குது?"

"நீர்நாய் டாக்டர் மேல பின்ன ரோஜா வாசனையா வரும்?"

அவள் கண்ணைச் சுருக்கினாள். அவளுடைய ஃபோன் பையில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். 'வீடு.'

"எடுக்காதக்கா," என்றான் வாலு, வேண்டியதற்கு மேல் வேகமாக. "கை கழுவியிருக்கே. குட்டியைத் தொடணும்."

அது நியாயம். வைத்துவிட்டாள். "வேற என்ன இருக்கப்போகுது? பாத்ரூம் சண்டையா இருக்கும். நான், உன் அத்தான், பசங்க, மாமியார், கொழுந்தன், அவன் பொண்டாட்டி, கைக்குழந்தை. இத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம். போதாக்குறைக்கு நீ வேற ஹால்ல படுத்துக்கிட்டு."

"என் குவார்ட்டர்ஸை ரோடு போட இடிச்சா நான் எங்கே போறது? வளையிலயா?"

சொல்லிவிட்டு நெஞ்சிலிருந்த குட்டியைப் பார்த்தான். வளைகளும்தான் போய்க்கொண்டிருந்தன. அவர்கள் இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆஸ்பத்திரியின் பின்சுவருக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்புநிலம். நாணல், கொக்கு, குடும்பம் குடும்பமாக நீர்நாய்கள். பிறகு, இந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளெல்லாம் வளர்ந்தார்கள். கல்யாணம் செய்துகொண்டார்கள். வீடு கேட்டார்கள். வீடு வந்தால் தெரு வேண்டும், தெரு வந்தால் கடை, பள்ளிக்கூடம், பஸ். யாரும் பேராசைப்பட்டுவிடவில்லை, குடும்பத்துக்கு ஒரு கூரை கேட்டார்கள். சதுப்பு சுருங்கிச் சுருங்கி ஒரு குளமாயிற்று. குளத்தில் மிஞ்சியது ஒரே ஒரு நீர்நாய்க் குடும்பம். ஆண் போன மாதம் ரோட்டில் அடிபட்டுப் போயிற்று. இப்போது மீசைக்காரி மட்டும்.

"இது போயிட்டா..." என்று ஆரம்பித்தான்.

"போகாது," என்றாள் அக்கா. "பால் வச்சிருக்கியா?"

"இருக்கு. ஆனா..."

"குளிர்ந்த பிள்ளைக்குப் பால் ஊத்தக்கூடாது," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

அப்போதுதான் கதவு திறந்தது.

*

ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளருக்குப் பட்டப்பெயர் 'டேப் டாக்டர்'. எந்நேரமும் கையில் அளவு டேப். எந்த மூலையைக் கண்டாலும் நீட்டி அளந்து, 'இங்கே ஒரு கட்டில் போடலாம்' என்பார். கக்கத்தில் சுருட்டிய வரைபடம் ஒன்று எப்போதும் இருக்கும். பின்னால் உள்ள குளத்தை மூடிவிட்டுப் புதிய பிரசவக் கட்டடம் எழுப்பும் வரைபடம்.

அக்கா கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு போர்வையை எடுத்துத் தம்பியின் மேல் போட்டாள்.

"இந்த ரூமையும் வார்டு ஆக்கிடலாமான்னு பார்க்க வந்தேன் சிஸ்டர்," என்றார். மூக்குக்கண்ணாடி மழையில் மங்கியிருந்தது. வெற்று மார்போடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அட, மார்ச்சூடா? வாழ்த்துகள் தம்பி. நீங்கதான் அப்பாவா?"

"தாய்மாமன் சார்," என்றான் வாலு.

"ரொம்ப நல்ல விஷயம். அப்பன்களே வர மாட்டேங்கறானுங்க. எடை எவ்வளவு?"

"கொஞ்சம் கம்மி சார்."

போர்வைக்குள் விசில் சத்தம் கேட்டது. டேப் டாக்டர் காதைச் சாய்த்தார். குழந்தைகளின் மூச்சைக் கேட்டே தலை நரைத்தவர் அவர்.

"இது மூச்சுத் திணறல் இல்லையே..." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். போர்வைக்குக் கீழே எதுவோ தொங்கிக்கொண்டிருந்தது. சற்று நேரம் அதையே பார்த்தார்.

"சிஸ்டர். இந்தக் குழந்தைக்கு வால் இருக்கு."

"இருக்கு சார்," என்றாள் பெரிய சிஸ்டர், குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல். "மீசையும் இருக்கு."

அடுத்து அவர் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. வாலு அலறினான்.

"அக்கா! அசையலை!"

கட்டை அவிழ்த்தாள். குட்டி துணிபோல் துவண்டு கிடந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. டேப் தரையில் விழுந்து 'சர்'ரென்று சுருண்டது. டேப் டாக்டர் முழங்காலிட்டு, கழுத்திலிருந்த ஸ்டெதாஸ்கோப்பைக் குட்டியின் விலாவில் வைத்தார். குழந்தைகளுக்கான மிகச் சிறிய வட்டம்கூட அதற்குப் பெரிதாக இருந்தது.

"துடிப்பு இருக்கு. மூச்சுதான் நின்னிருக்கு. முதுகைத் தேயுங்க சிஸ்டர்."

அவர் சொல்வதற்கு முன்பே அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால். மேலிருந்து கீழ். வாலு குட்டியின் மூக்கைத் துடைத்து, மெல்ல ஊதினான். மூன்று தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. மழை தகரத்தில் கொட்டியது. யாருடைய ஃபோனோ அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

"வாடா கண்ணு," என்றாள் அக்கா. "வா. வந்துடு. உங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

விலா ஒருமுறை உள்வாங்கியது. நின்றது. மறுபடி உள்வாங்கியது. பிறகு வாயைத் திறந்து, அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு ஒரு விசில்!

டேப் டாக்டர் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என்ன திமிர் பாரு," என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

*

சூடு ஏறியது. பால் கொடுக்கலாம் என்றானதும் வாலு பையிலிருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்தான். டேப் டாக்டர் சிரிஞ்சைப் பிடுங்கிக்கொண்டார். சொட்டு சொட்டாகக் கொடுத்தார். ஒவ்வொரு சொட்டுக்கும் மீசை ஒருமுறை விறைத்து அடங்கியது.

"தம்பி," என்றார் தலையை நிமிர்த்தாமலே. "பின்னாடி மையத்து மிருக டாக்டர் நீதானே? என்னைத் திட்டிட்டுத்தான் இருப்பே. குளத்தை மூடப் பார்க்கறான்னு. நடைபாதையைப் பார்த்தியா? ஒரு கட்டில்ல ரெண்டு பேர். நேத்து ஒருத்தி நாற்காலியில உட்கார்ந்துக்கிட்டே வலி தாங்கினா. நான் எங்கே போறது?"

"திட்டலை சார். நானும் இதே ஆஸ்பத்திரியிலதான் பொறந்தேன். பிள்ளை பெத்துக்காதீங்கன்னு சொல்ல நான் யாரு?" வாலு குட்டியின் முதுகைத் தடவினான். "உங்க ஆட்களுக்கு இடம் பத்தலைன்னா நீங்க டேப்பைத் தூக்கிட்டு வந்துடறீங்க. இதுக்கு அப்படி ஒருத்தர் இல்லையேன்னுதான்."

"நீ இருக்கியே."

"என்கிட்ட டேப் இல்லையே சார்."

அவர் கடைசிச் சொட்டையும் கொடுத்தார். சிரிஞ்சு காலியானதும் வரைபடத்தைப் பிரித்தார். அக்காவின் பேனாவை வாங்கி, குளத்தின் மேல் கிடந்த கட்டடத்தின் மீது ஒரு கோடு கிழித்தார். இந்தப் பக்கம், இப்போதைய கட்டடத்தின் மேல், மாடி மாதிரி ஒரு கட்டம் போட்டார்.

"அஸ்திவாரம் தாங்குமான்னு என்ஜினியரைக் கேக்கணும். தாங்காதுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"கேக்கறேன்னு சொன்னீங்களே சார், அது போதும்," என்றாள் அக்கா.

வாலு சட்டையை மாட்டிக்கொண்டு எழுந்தான். குட்டியை உள்ளே பத்திரப்படுத்தினான். "சரிக்கா, ரொம்ப தேங்க்ஸ். நான் கிளம்பறேன். மீசைக்காரி கண் முழிச்சிருப்பா."

"நில்லு."

மறுபடி அந்தக் குரல்.

"பட்டை கட்டியிருக்கேன்டா. என் வார்டுல பட்டை கட்டின பிள்ளையை நான் எப்படி வெளியே அனுப்புவேன்?"

வாலுவின் முகம் வெளுத்தது. ஊரறிந்த விதி அது. எந்தக் குழந்தையும் தாயின் கையைத் தவிர வேறு கையில் வார்டை விட்டுப் போகாது. அவளே கொண்டுபோய், தாயை நேரில் பார்த்து, ஒப்படைத்தால்தான் உண்டு.

"அக்கா, இது நீர்நாய்!"

"விதின்னா விதிதான் தம்பி," என்றார் டேப் டாக்டர். "என் பேத்தி பொறந்தப்போ என் கையிலயே கொடுக்கலை இவங்க. அம்மா வந்தாதான்னுட்டாங்க. நான் கண்காணிப்பாளர்!"

"எனக்கு ட்யூட்டி முடிஞ்சாச்சு. கிளம்பு, நானும் வர்றேன். அவ எங்கே இருக்கா?"

"அது... வந்து... மழை பெய்யுதேக்கா."

"எங்கேடா?"

ஃபோன் அதிர்ந்தது. 'வீடு.' அக்காவின் இரண்டு கைகளும் தம்பியின் சட்டைக்குள் குட்டியைத் துணியால் சுற்றிக்கொண்டிருந்தன. "நான் போடறேன் சிஸ்டர்," என்று உதவிக்கு வந்த டேப் டாக்டர் ஸ்பீக்கரை அழுத்தினார். வாலு தடுக்கப் பாய்ந்தான். நெஞ்சில் குட்டி இருந்ததால் பாய்ச்சல் பாதியில் நின்றது.

"எத்தனை தடவைதான் கூப்பிடறது?" அத்தானின் குரல் அறையெங்கும் அதிர்ந்தது. "உன் அருமைத் தம்பி எங்கே? பாத்ரூம் கதவுல புதுப் பூட்டு தொங்குது! சாவியைக் காணோம். அம்மா கத்தறாங்க, பசங்க குதிக்கறாங்க, நான் பக்கத்து வீட்ல போய்க் கதவைத் தட்டி மானம் போச்சு. அது கூடப் பரவாயில்லை. பூட்டு வெளியில இருந்தா உள்ள ஆள் இல்லைன்னுதானே அர்த்தம்? உள்ள தண்ணியை யாரோ அடிக்கறாங்க. விசில் வேற!"

ஃபோனுக்குள் தூரத்தில் ஒரு விசில் கேட்டது. நீண்ட, தேடுகிற விசில்.

வாலுவின் சட்டைக்குள் குட்டி தலையைத் தூக்கியது. பதிலுக்கு விசிலடித்தது. அந்தப் பக்கம் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு இரண்டு மடங்கு வேகத்தில் திரும்ப வந்தது.

டேப் டாக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார். தோள்கள் குலுங்கின.

அக்கா உள்ளங்கையை நீட்டினாள். வாலு பேன்ட் பையிலிருந்து சாவியை எடுத்து வைத்தான். அதில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

"வேற எங்கேக்கா வைப்பேன்?" என்றான். "வளை போச்சு, மையம் போச்சு. ஈரமா, மறைவா, கதவு பூட்டற மாதிரி ஊர்லயே மிஞ்சின இடம் அது ஒண்ணுதான்."

அவள் அவனைப் பார்த்தாள். சாவியைப் பார்த்தாள். அவன் நெஞ்சில் விசிலடித்துக்கொண்டிருந்த மீசையைப் பார்த்தாள். குடையை எடுத்தாள்.

"வா. அம்மாகிட்ட விடலாம்."

"அக்கா..."

"இன்னும் என்ன?"

"பையில பட்டை இன்னும் ரெண்டு எடுத்துக்கோ." வாலு ஒரு அடி பின்னால் நகர்ந்து, காதைக் கையால் மறைத்துக்கொண்டான். "மீசைக்காரிக்கு மூணு குட்டி. மத்த ரெண்டும் உன் மாமியாரோட மிச்ச டவல்ல சுருண்டு, குளிக்கிற வாளிக்குள்ள தூங்குது."